ஆள் பஞ்சமா, வேலைப் பஞ்சமா?

தாமிரவருணிக் கரையில் நடுகைக் காலம் வந்துவிட்டால் போதும், கனவான்கள் எல்லோரும் ஒரே பல்லவியைப் பாடத் தொடங்கிவிடுகிறார்கள். "ஆள் கிடைக்கவில்லை!" விக்கிரமசிங்கபுரம் டீக்கடையில் இதைக் கேட்கலாம். அம்பாசமுத்திரம் ரைஸ் மில் வாசலில் கேட்கலாம். கல்லிடைக்குறிச்சித் திண்ணையில் சாய்ந்திருக்கும் பெரியவர் வாயிலும் கேட்கலாம். "நூறு நாள் வேலை வந்தது, ஜனங்கள் சோம்பேறியாகிவிட்டார்கள். ரேஷன் அரிசி சும்மா கிடைக்கிறது. இனி எவன் வயலில் இறங்குவான்?" இதுதான் அனுபல்லவி.

இந்தப் பாட்டு இப்போது டீக்கடையோடு நிற்கவில்லை, டில்லிப் பார்லிமெண்ட் வரை போய்ச் சட்டமாகவும் ஆகிவிட்டது. அதனால்தான் இதை விசாரிக்க வேண்டியிருக்கிறது.

முதலில், நாம் காதால் கேட்ட ஒரு பேச்சு. ஆற்றுப் பாசனத்தில் ஒரு வயல். வரப்பில் நின்றுகொண்டு நிலத்துக்காரர் ஒரு மூதாட்டியைக் கூப்பிட்டார். "ஏளா, நாளைக்கு நடுகை. பத்து ஆளு கூட்டிட்டு வா." அந்த அம்மாள் கேட்டாள்: "எத்தனை நாளைக்கு மொதலாளி?" "ஒரு நாளுதான். அதுக்கு மேலே இங்க என்ன வேலை இருக்கு?" "அப்போ மிச்ச நாளைக்கு நாங்க என்ன செய்ய?" அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. மோட்டார் சைக்கிளைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

அந்த அம்மாள் கேட்ட கேள்விதான் நம் கேள்வியும்.

வயல் எத்தனை நாள் வேலை தருகிறது?

இந்தப் பள்ளத்தாக்கு ஏழைப் பூமி அல்ல. பொதிகையில் பிறக்கும் ஆறு இரண்டு பருவ மழையையும் வாங்கி வருகிறது. பாபநாசம் அணை 143 அடி. சேர்வலாறு அணை 156 அடி. 1958-ல் கட்டி முடித்த மணிமுத்தாறு 118 அடி. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன் என்று தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள். அவற்றிலிருந்து பிரியும் கால்வாய்கள் மூலம் பாயும் நஞ்சை 80,000 ஏக்கருக்கு மேல். கார் ஒரு போகம், பிசானம் ஒரு போகம். அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்த அம்பை 16 தமிழ்நாடெங்கும் விளைகிறது. இட்லிக்கு மாவரைக்கிற வீடுகளெல்லாம் அந்தப் பெயரை அறியும்.

இத்தனை வளத்தில் மண்ணுக்குள் நிற்கிற பெண்ணுக்கு எத்தனை நாள் வேலை?

கணக்குப் பாருங்கள். கார் நடுகைக்கு ஜூன் மாதம் அணை திறக்கவேண்டும். அணையில் தண்ணீர் குறைந்த வருஷம் கார் பல இடங்களில் இல்லாமலே போகும். தண்ணீர் வந்தால் நாற்றுப் பறிப்பு, நடுகை. பிறகு களை. அதிலும் பாதியைக் களைக்கொல்லி மருந்து விழுங்கிவிட்டது. பிறகு அறுப்பு. பிசானத்துக்கும் இதே கதை, ஐப்பசி முதல் மாசி வரை. தொளி கலக்குவது டிராக்டர். உரம் வீச, மருந்து அடிக்க ஓரிரு ஆண்கள். இடைப்பட்ட மாதங்களில் வரப்பில் ஒரு ஈ, காக்காய் கிடையாது.

முன்னே அறுப்பு என்றால் அது ஒரு திருவிழா. திருவிழா என்று சொல்லும்போது பழைய பண்ணைக் காலத்தைப் புகழ்கிறோம் என்று யாரும் நினைக்கவேண்டாம். அந்தக் காலத்தின் அடியும் வசவும் தீண்டாமையும் நமக்கு மறந்துவிடவில்லை. ஆனால் வயிற்றுக் கணக்கு என்று ஒன்று உண்டு. ஒரு ஏக்கரை அறுத்து, கட்டுக் கட்டி, களத்தில் சூடடித்து, பொலி தூற்றி முடிப்பதற்குள் எத்தனையோ குடும்பங்களுக்குக் கொத்து அளந்தாகவேண்டும். மரக்கால் கணக்கில் வாங்கிய அந்த நெல் மண்பானையில் கிடக்கும். சில மாதத்துக்கு அடுப்பு எரியும். இன்று அறுவடை யந்திரம் அதே ஏக்கரை ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டுப் போகிறது. ஓட்டுகிறவர் வெளி மாவட்டத்துக்காரர். நெல் சாக்கில் ஏறி லாரிக்குப் போகிறது. களம் என்ற இடமே பல ஊர்களில் மறைந்துவிட்டது. கருக்கரிவாள் வீட்டு எரவாணத்தில் துருப்பிடித்துத் தொங்குகிறது.

யந்திரம் கூடாது என்று நாம் சொல்லவில்லை. முதுகு ஒடிய அறுப்பதில் என்ன பெருமை இருக்கிறது? ஆனால் யந்திரத்தால் மிச்சமான கூலி யாருடைய பைக்குப் போயிற்று என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. வருஷத்தில் முக்கால்வாசி நாள் "நீ வேண்டாம்" என்று விரட்டப்பட்ட தொழிலாளி, மிச்ச நாளில் கூப்பிட்ட உடனே, கூப்பிட்ட கூலிக்கு வந்து நிற்கவேண்டுமாம். வராவிட்டால் அவன் சோம்பேறி! கூலியைக் கூட்டிக் கொடுத்துப் பார்த்தீர்களா என்று கேட்டால் கட்டுப்படியாகாது என்கிறார்கள்.

இவர்களின் பிள்ளைகள் திருப்பூரிலும் கேரளத்திலும் பன்னிரண்டு மணி நேரம் வேலை செய்கிறார்கள். வளைகுடா நாட்டு வெயிலில் கட்டடம் கட்டுகிறார்கள். சோம்பேறிகளா அவர்கள்?

மலை மேலே என்ன நடந்தது என்றும் பாருங்கள். சிங்கம்பட்டி ஜமீன் 1929-ல் 8,373 ஏக்கர் காட்டைப் பம்பாய் பர்மா கம்பெனிக்கு 99 வருஷக் குத்தகைக்குக் கொடுத்தது. மாஞ்சோலையில் தேயிலை விளைந்தது. தலைமுறை தலைமுறையாக அங்கே கொழுந்து பறித்தவர்களில் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட ஜனங்கள். கூலி உயர்வு கேட்ட அந்தத் தொழிலாளர்களுக்காக 1999 ஜூலை 23-ல் திருநெல்வேலியில் ஊர்வலம் போனபோது போலீஸ் தடியடி நடத்தியது. 17 பேர் தாமிரவருணியில் பிணமானார்கள். குத்தகை முடிய இன்னும் வருஷங்கள் இருக்கும்போதே 2024-ல் கம்பெனி விருப்ப ஓய்வு என்று பெயர் வைத்துக் கணக்கை முடித்தது. அந்தக் குடும்பங்களை மலையிலிருந்து இறங்கச் சொன்னார்கள். ஆள் பஞ்சம், ஆள் பஞ்சம் என்று கூவுகிற தேசத்தில் ஆட்களை இப்படி மலையிலிருந்து உருட்டிவிடுவார்களா? ஆள் ஏராளமாக இருக்கிறது. வேண்டிய நாளில் மட்டும் வந்து, வேண்டாத நாளில் காணாமல் போகிற ஆள்தான் இவர்களுக்குக் கிடைக்கவில்லை.

மில்லும் வயலும்

மில் தோழர்கள் சிலர் இதைப் படித்துவிட்டு, "இது வயக்காட்டு விஷயம், நமக்கென்ன?" என்று பக்கத்தைப் புரட்டக்கூடும். சற்று நில்லுங்கள்.

ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்தில் 1885-ல் பஞ்சாலையை ஓட்டத் தொடங்கினார்களே, ஏன் இந்த மலையடிவாரத்தைத் தேடி வந்தார்கள்? மலையிலிருந்து விழும் தண்ணீர் யந்திரத்தைச் சுழற்றியது, நிலக்கரிச் செலவு இல்லை. கரிசல் காட்டுப் பருத்தி கிட்டத்தில் இருந்தது. இவை இரண்டும் புத்தகத்தில் எழுதியிருக்கும் காரணங்கள். மூன்றாவது காரணம் நம் முதுகில் எழுதியிருக்கிறது. ஆற்றோரத்து ஊர்களில் வருஷத்தில் பல மாதம் வேலையில்லாமல் நின்ற ஜனங்கள் இருந்தார்கள். அவர்கள் வீட்டில் வயலிலிருந்து வந்த கொத்து நெல் கொஞ்சம் இருந்தது. ஆகவே ஒரு குடும்பம் பிழைப்பதற்கு வேண்டிய முழுக் கூலியை மில் கொடுக்கவேண்டிய அவசியம் இல்லை. அரை வயிற்றுக்கு மில், அரை வயிற்றுக்கு வயல். இரண்டு முதலாளிகளும் ஒரே குடும்பத்தின் மீது உட்கார்ந்து பாரத்தைப் பங்கிட்டுக்கொண்டார்கள்!

அதே ஹார்வி கம்பெனியின் தூத்துக்குடி கோரல் மில்லில் 1908 பிப்ரவரி 27-ல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வ. உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் அவர்கள் பக்கம் நின்றார்கள். கம்பெனி இறங்கிவந்து கூலியை உயர்த்தியது, ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கொடுத்தது. ஒன்பது நாள் போராட்டத்துக்கு முன்னால் "கட்டுப்படியாகாத" கூலி, அதற்குப் பின்னால் கட்டுப்படியாகிவிட்டது.

இன்று நிலைமை தலைகீழாகியிருக்கிறது. பஞ்சாலைகளில் நிரந்தர வேலை சுருங்கி, காண்ட்ராக்ட் வேலை பெருகிவருகிறது. கேட்டில் எத்தனை பேர் காத்து நிற்கிறார்கள் என்று பார்த்துத்தான் கூலி பேசுகிறார்கள். அந்தக் காத்து நிற்கிற கூட்டம் எங்கிருந்து வருகிறது? வேலை இல்லாத வயலிலிருந்து! வயலில் வேலை நாள் ஒன்று குறைந்தால் மில் கேட்டில் ஒரு ஆள் கூடுகிறான். உங்கள் பஞ்சப்படியும் போனஸும் உங்கள் அக்காள் நிற்கும் சேற்றில் வேர் விட்டிருக்கின்றன.

கடலுக்கு அப்பால் ஒரு நெல்லூர்

இது நம் ஊருக்கு மட்டும் உரிய கதை என்று எண்ணவேண்டாம். இந்தோனேஷியாவின் ஜாவாத் தீவு நம்மைப் போலவே நெல்லை நம்பி வாழும் நாடு. மலைச் சரிவிலிருந்து இறங்கும் வாய்க்கால், இரண்டு போகம், சிறு சிறு வயல். அங்கே ஆண்ட டச்சுக்காரர்கள் 1830-ல் ஒரு ஏற்பாடு செய்தார்கள். கிராமம் தன் நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கில் கரும்பு, அவுரி போன்ற சரக்குகளை சர்க்காருக்காகப் பயிரிட்டுக் கொடுக்கவேண்டும். 1870-க்குப் பிறகு தனியார் கம்பெனிகள் வந்தன. நெல் விளைந்த அதே நஞ்சையைக் குத்தகைக்கு எடுத்துக் கரும்பு நட்டார்கள். வெட்டுகிற சில மாதம் மட்டும் கூலி. மீதி மாதங்களில் தொழிலாளியை அவனுடைய நெல் வயல் காப்பாற்றிக்கொள்ளும் என்று விட்டுவிட்டார்கள். ஹார்வி கண்ட அதே கணக்கு! அந்த லாபத்தில் ஹாலந்தில் ரயில் பாதை போட்டார்கள்.

பிற்காலத்தில் அமெரிக்கப் பண்டிதர் கிளிஃபோர்ட் கீர்ட்ஸ் அங்கே போய்ப் பார்த்துவிட்டு, 1963-ல் ஒரு புத்தகம் போட்டார். ஜாவா ஜனங்கள் வறுமையைப் பங்கிட்டுக்கொண்டு வாழ்கிறார்கள் என்றார். ஆளும் கூட்டத்துக்கும் 'கோத்தோங் ரோயோங்' என்ற சொல் ரொம்பப் பிடித்தமானது. பரஸ்பர உதவி என்று அதற்குப் பொருள். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. நிலமில்லாதவன் எதைப் பங்கிடுவான், நிலமுள்ளவன் எதைப் பங்கிட்டான் என்பதுதான் கேள்வி.

உண்மையில் அங்கே ஒரு பழக்கம் இருந்தது. அறுப்புக்கு ஊரில் யார் வேண்டுமானாலும் வரலாம். பெண்கள் உள்ளங்கையில் அடங்கும் சின்னஞ்சிறு கத்தியால் கதிர் கதிராகக் கொய்வார்கள். கொய்ததில் ஒரு பங்கு கூலி. நம் கொத்தைப் போலத்தான். 1960-களின் கடைசியில் குட்டை ரக நெல் வந்தது. பின்னோடு வியாபாரி வந்தான். நிற்கும் பயிரையே மொத்தமாக விலை பேசி வாங்கினான். தன் சொந்த ஆட்களை அரிவாளோடு இறக்கினான். ஊர்ப் பெண்கள் வரப்பில் நின்று வேடிக்கை பார்க்கவேண்டியதாயிற்று. நெல் குத்தும் வேலையையும் 1970-களில் யந்திரம் எடுத்துக்கொண்டது. பரஸ்பர உதவி எங்கே போயிற்று? லாபம் வந்ததும் ஓடிவிட்டது!

அதற்கு முன்பே அங்கே விவசாயிகள் எழுந்து நின்றார்கள். 1960-ல் நிலச் சீர்திருத்தச் சட்டமும் வாரச் சட்டமும் வந்தன. உழுகிறவனுக்கு விளைச்சலில் நியாயமான பங்கு என்று எழுதினார்கள். எழுதியதை யாரும் அமுல் நடத்தவில்லை. ஜனங்களே அமுல் நடத்தப் புறப்பட்டார்கள். 1965-66 படுகொலையில் குறைந்தது 5 லட்சம் பேர் மாண்டார்கள். வாய்க்காலும் ஆறும் பிணத்தால் அடைத்துக்கொண்டன. அறுப்பில் பெண்கள் பங்கை இழந்தபோது அவர்களுக்காகப் பேச ஒரு சங்கம் மிஞ்சியிருக்கவில்லை. வியாபாரி அவ்வளவு சுலபமாக உள்ளே வந்ததன் ரகசியம் இதுதான்.

சிறு விவசாயிக்கு ஒரு வார்த்தை

"ஆள் கிடைக்கவில்லை" என்று சொல்கிறவர்கள் எல்லோரும் பண்ணையார்கள் அல்ல. இதை நாம் ஒளிக்கவில்லை. ஐந்து மரக்கால் விரைப்பாட்டைக் குத்தகைக்கு எடுத்து, மனைவி கழுத்தில் கிடந்ததை அடகு வைத்து நடுகிறவரும் அதையே சொல்கிறார். கூலி கூட்டிக் கொடுக்க அவரால் முடியவில்லை என்பது வாஸ்தவம். ஏன் முடியவில்லை?

இந்த நஞ்சையில் கோயில்களுக்கும் மடங்களுக்கும் வெளியூரில் வசிக்கும் சொந்தக்காரர்களுக்கும் உள்ள நிலம் கொஞ்சநஞ்சமல்ல. 1961 உச்சவரம்புச் சட்டம் 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்றது, 1970-ல் அது 15 ஆயிற்று. மத ஸ்தாபனங்களின் நிலத்துக்கு விலக்கு. 1956 நியாயக் குத்தகைச் சட்டம் நஞ்சையில் சொந்தக்காரனுக்கு 40 சதம் என்றது, பின்னால் 25 சதமாகக் குறைத்தார்கள். 1969-ல் குத்தகைதாரர் பெயரைப் பதிய ஒரு சட்டமும் வந்தது. ஆனால் வாய்ப்பேச்சுக் குத்தகைதாரன் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது? பதியச் சொன்னால் அடுத்த போகம் நிலம் வேறு கைக்குப் போய்விடும். கொள்முதல் நிலையத்துக்கு நெல்லைக் கொண்டுபோனால் சிட்டா கேட்கிறார்கள், அடங்கல் கேட்கிறார்கள். காகிதம் இல்லாதவன் களத்து மேட்டிலேயே வியாபாரி கேட்ட விலைக்குப் போட்டுவிட்டு வருகிறான். பயிர் அழிந்தால் நிவாரணம் சேற்றில் நின்றவனுக்கு இல்லை, காகிதத்தில் பெயர் உள்ளவனுக்கு.

சகோதரரே, உமது வீட்டை அரிப்பது நடுகைக்கு வரும் பெண்ணின் கூலி அல்ல. மேலே போகும் குத்தகையும், உரக்கடைப் பாக்கியும், யந்திர வாடகையும், வியாபாரியின் விலையும்தான். அங்கே பேச வாய் வராமல், கீழே இருக்கிறவள் மீது பாய்கிறீர்.

60 நாள் பூட்டு

இனி டில்லிச் சட்டத்துக்கு வருவோம். 2005-ல் வந்த வேலை உறுதிச் சட்டம் ஒரு குடும்பத்துக்கு வருஷம் 100 நாள் என்றது. முழு 100 நாள் கொடுத்தார்களா? தேசத்தின் சராசரி 50 நாளை ஒட்டியே நின்றது. 2025-26-ல் தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்த கூலி நாளுக்கு 336 ரூபாய். அதையும் மாதக்கணக்கில் பாக்கி வைத்தார்கள். தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய பாக்கி 4,034 கோடி என்று 2025 மார்ச்சில் மாநிலத்தை ஆண்ட கட்சியே தெருவில் நின்று முழங்கியது. இந்த அரைகுறை வேலைதான் ஜனங்களைச் சோம்பேறியாக்கிவிட்டதாம்!

இந்த வேலை செய்த ஒரே ஒரு காரியத்தைக் கனவான்கள் மன்னிக்கவில்லை. கூலி பேசும்போது ஒரு பெண் "அவ்வளவுக்கு வரமாட்டேன்" என்று சொல்ல அது இடம் கொடுத்தது. அதுவும் ஆணுக்கு என்ன கூலியோ அதே கூலி அவளுக்கும். பரம்பரையில் முதல் தடவையாக வரப்பில் நிற்பவர் யோசிக்கவேண்டியதாயிற்று.

2025 டிசம்பரில் பழைய சட்டத்தை எடுத்துவிட்டுப் புதியதைக் கொண்டுவந்தார்கள். 125 நாள் என்று மேளம் கொட்டினார்கள். செலவில் 40 சதத்தை மாநிலங்களின் தலையில் கட்டினார்கள். உள்ளே ஒரு ஷரத்தை வைத்தார்கள்: விதைப்பும் அறுப்பும் மும்முரமாக நடக்கும் காலத்தில் வருஷத்துக்கு மொத்தம் 60 நாள் இந்த வேலை நடக்காது. எந்த 60 நாள் என்பதை மாநில சர்க்கார் முன்கூட்டியே அறிவிக்கவேண்டும். டீக்கடைப் பல்லவி சட்டப் புத்தகத்தில் ஏறிய விதம் இதுதான். வயலில் கூலி கேட்கத் தெம்பு வேண்டிய அதே நாட்களில் மறுகதவுக்குப் பூட்டு! ஒருவேளை அந்த 60 நாளில் வயலில் முழு வேலை கிடைக்குமா? அறுப்பை யந்திரம் செய்கிறது. அறுப்புக் காலத்தில் வேலையை நிறுத்துவது யாருடைய ஆள் பஞ்சத்தைத் தீர்க்க? யந்திரத்துக்குமா ஆள் பஞ்சம்?

விக்கிரமசிங்கபுரத்தின் விசித்திரம் ஒன்றையும் சொல்லவேண்டும். இது நகராட்சி. ஆகவே பழைய கிராமச் சட்டத்தின் 100 நாள் இந்த ஊர் எல்லைக்குள் கிடையாது, புதிய சட்டமும் கிராமத்துக்குத்தான். எல்லைக்கு உள்ளே குடியிருக்கும் பெண்ணும் வெளியே ஊராட்சியில் குடியிருக்கும் பெண்ணும் ஒரே வயலில், ஒரே வரிசையில் நாற்று நடுகிறார்கள். ஒருத்திக்கு அட்டை உண்டு, மற்றவளுக்கு இல்லை. சேற்றுக்கு நகராட்சிச் சேறு, ஊராட்சிச் சேறு என்று உண்டோ? வீட்டு வரியில் மட்டும் நகரம், கூலியில் கிராமம்! மாநில சர்க்கார் 2022-ல் நகர்ப்புற வேலைத் திட்டம் என்று ஒன்றைச் சில இடங்களில் சோதனை பார்த்தது. வயலை நம்பி நிற்கிற நகராட்சிகளுக்கெல்லாம் அதை உரிமையாக்கு என்று கேட்பதில் என்ன தவறு?

மே 1-ம் தேதி தமிழ்நாட்டு ஊராட்சிகளில் கிராம சபை கூடும் நாள். பாபநாசம் அணையைக் கார் சாகுபடிக்குத் திறக்க அதற்குப் பிறகு ஒரு மாதம் இருக்கும். 60 நாள் பூட்டை எங்கள் நடுகை மீதோ அறுப்பு மீதோ போடாதே, அணை திறக்காத வருஷங்களில் பூட்டே கூடாது, நடுகைக் கூலி ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்று, வாய்ப்பேச்சுக் குத்தகையைப் பதிவேட்டில் ஏற்று என்று தீர்மானம் எழுதிக் கொடுக்கவேண்டும். மினிட் புத்தகத்தில் ஏறுகிறதா என்று நின்று பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடவேண்டும், ஏனென்றால் பல ஊர்களில் கையெழுத்தை முதலில் வாங்கிக்கொண்டு தீர்மானத்தைப் பிறகு எழுதும் வழக்கம் இருக்கிறது. மில் தோழர்கள் காலையில் கேட்டில் கொடியேற்றி முடித்ததும் அக்காள் தங்கைகளைக் கூட்டிக்கொண்டு அவரவர் ஊராட்சிக் கூட்டத்துக்குப் போகட்டும். எல்லைக்குள் இருக்கிறவர்கள் அதே மனுவை நகராட்சி ஆபீசில் கொடுத்து ரசீது வாங்கட்டும்.